மரையும் முறையும்

ஒருவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், "அவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்கிறோம். பட்டறை வாசனை அறிந்த ஒருவர்தான் இந்த வசவைப் படைத்திருக்க முடியும். மரை கழன்றால் யந்திரம் நின்றுவிடும். நிற்காமல் தொடர்ந்து ஓடினால் அதைவிட ஆபத்து. இதைக் கண்ணால் கண்டவர் வாயிலிருந்துதான் அப்படி ஒரு பேச்சு வரும்.

மரை என்பது என்ன? உருண்டைக் கம்பியைச் சுற்றிக்கொண்டு மலைப்பாதை போல ஏறிச் செல்லும் ஒரு பள்ளம். அவ்வளவுதான். அந்தப் பாதை கம்பியின் வெளிப்புறத்தில் இருந்தால் போல்ட்டு. துளையின் உட்புறத்தில் இருந்தால் நட்டு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏற வேண்டுமானால் மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும்: கம்பியின் பருமன், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, மரையின் சரிவு. மூன்றில் ஒன்று தவறினாலும் வேலை கெட்டது.

நம் வீட்டுப் பெண்களின் தோட்டைப் பாருங்கள். காதுக்குப் பின்னால் ஒரு திருகாணி இருக்கிறது. அது ஊருணியில் குளிக்கும்போது விழுந்துவிட்டால் வீடே அமளிப்படும். கடைக்குப் போய், "ஒரு திருகாணி கொடுங்கள்" என்று வாங்கிவிட முடியாது. தோட்டை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போக வேண்டும். அவர் அந்தத் தண்டுக்கு ஏற்றபடி புதிதாக மரை வெட்டித் தர வேண்டும். ஓர் ஆசாரி செய்த தோட்டில் இன்னோர் ஆசாரி செய்த திருகாணி ஏறாது. ஒரே ஜோடியில் வலது காதுத் திருகாணி இடது காதுத் தோட்டுக்குப் பொருந்தாமல் முரண்டு பிடிப்பதும் உண்டு. ஒவ்வொன்றும் தன் ஜோடிக்கு மட்டுமே வாழ்க்கைப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் உலகத்து இரும்புப் போல்ட்டுகள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு யந்திரத்தைப் பிரிக்கும்போது எந்த நட்டு எந்தப் போல்ட்டிலிருந்து வந்தது என்று அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. செய்தவன் செத்துப்போனால் யந்திரத்துக்கும் வைத்தியன் இல்லை.

இந்த நிலையை மாற்றியவர் ஜோசப் விட்வொர்த். லண்டனில் ஹென்ரி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, பிறகு மாஞ்செஸ்டரில் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர். 1841-ஆம் ஆண்டு லண்டன் சிவில் எஞ்சினீயர்கள் சங்கத்தில், எல்லோருக்கும் ஒரே மரை வேண்டும் என்று வாதாடி ஒரு கட்டுரை படித்தார். அவர் செய்த காரியத்தை விஞ்ஞானம் என்று சொல்வதைவிடப் பஞ்சாயத்து என்று சொல்வதுதான் பொருத்தம். இங்கிலாந்தின் பெரிய பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்தார். அவற்றை அளந்து, சராசரி கண்டார். இவன் சொல்வதும் முழுக்க இல்லை, அவன் சொல்வதும் முழுக்க இல்லை என்று நடுவில் ஒரு கோடு போட்டார். மரையின் கோணம் 55 பாகை. கால் அங்குலப் போல்ட்டுக்கு அங்குலத்தில் 20 மரை, அரை அங்குலத்துக்கு 12, ஒரு அங்குலத்துக்கு 8 என்று வகுத்தார். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை; யாருக்கும் பெரிய நஷ்டமும் இல்லை. நல்ல பஞ்சாயத்துக்கு அதுதானே லட்சணம்? ரயில் கம்பெனிகளும் கப்பல் கட்டுகிறவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலீஷ்காரர்களின் ரயில் எங்கெல்லாம் போயிற்றோ, அங்கெல்லாம் விட்வொர்த்தின் மரையும் போயிற்று.

நம் பக்கத்துக்கும் வந்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அந்தப் பாதை ஆவடியையும் திருவள்ளூரையும் கடந்துதான் செல்கிறது. வீரராகவப் பெருமாளைச் சேவிக்க மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்த ஊரில் நீராவி வண்டி நின்றது. அந்த வண்டியோடு இறங்கியவர்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரயாணியும் இருந்தான்: இங்கிலீஷ் அங்குலம்.

நம் கொல்லர்களும் தச்சர்களும் அந்த அந்நியனை வெகு சீக்கிரத்தில் உறவுக்காரனாக்கிக் கொண்டார்கள். அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் 'நூல்' என்று பெயர் வைத்தார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். அரை அங்குலப் போல்ட்டு 'நாலு நூல் போல்ட்டு'. முக்காலே அரைக்கால் என்று பின்னம் சொல்லித் தடுமாற வேண்டியதில்லை. ஏழு நூல் என்றால் முடிந்தது. இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த அளவுக்கு அவனுக்கே இல்லாத எளிமையை நம் பட்டறை கொடுத்துவிட்டது.

இது நிற்க. இங்கிலாந்தின் பஞ்சாயத்தை அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை. 1864-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் பிராங்க்ளின் இன்ஸ்டிடியூட்டில் பேசினார். 55 பாகைக் கோணத்தை வெட்டுவதும் அளப்பதும் கஷ்டம். மரையின் உச்சியை விட்வொர்த் சொன்னபடி உருட்டி முடிக்கக் கைதேர்ந்த ஆள் வேண்டும். 60 பாகை வைத்து, உச்சியைத் தட்டையாக விட்டுவிட்டால் சாதாரணத் தொழிலாளியும் செய்துவிடலாம் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். விளைவு என்ன? அரை அங்குலப் போல்ட்டுக்கு இங்கிலாந்தில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்காவில் 13. ஒரே ஒரு மரை வித்தியாசம். ஆனால் இங்கிலீஷ் போல்ட்டின் மேல் அமெரிக்க நட்டை வைத்தால் ஒன்றிரண்டு சுற்று சிநேகமாகப் போகும். அப்புறம் இறுகிக்கொண்டு நின்றுவிடும். இரண்டும் ஒரே பாஷை பேசும் நாடுகள்!

ஐரோப்பாக் கண்டத்தில் மீட்டர் முறை பரவியிருந்தது. 1898-ல் ஸ்விட்ஸர்லாந்தின் சூரிச் நகரத்தில் எஞ்சினீயர்கள் கூடி, மில்லி மீட்டர் கணக்கில் ஒரு சர்வதேச மரையை வகுத்தார்கள். கோணம் செல்லர்ஸின் 60 பாகை. அளவு பிரெஞ்சுக்காரர்களின் மீட்டர். ஆக உலகத்தில் மூன்று பெரிய மரைக் குடும்பங்கள் ஏற்பட்டன. சின்னக் குடும்பங்களைக் கணக்கெடுத்தால் இந்தக் கட்டுரை போதாது.

மரை பொருந்தாவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். குடி மட்டும் அல்ல, ஊரே போயிருக்கிறது. 1904-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் தீப்பிடித்தது. பக்கத்திலுள்ள வாஷிங்டனிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் தீயணைக்கும் வண்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். ஆட்கள் வந்தார்கள், எஞ்சின் வந்தது, தெருக்குழாயில் தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர் ரப்பர்க் குழாய்களின் மரை பால்டிமோர் குழாயின் மரையில் ஏறவில்லை. உதவிக்கு வந்த பலர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. தண்ணீருக்கும் நெருப்புக்கும் நடுவில் நின்றது ஒரு மரைதான்.

இரண்டாம் உலக யுத்தத்தில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போயிற்று. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் பாக்கர்ட் மோட்டார் கம்பெனி செய்ய முன்வந்தது. எஞ்சின் முழுவதும் இங்கிலீஷ் மரைகள்; அமெரிக்காவில் அவற்றை வெட்டும் கருவி கிடையாது. அந்தக் கருவிகளையே முதலில் செய்துகொண்டு, பிறகுதான் எஞ்சினைச் செய்ய வேண்டியிருந்தது. பட்ட பாட்டின் பலனாக, 1948 நவம்பர் 18-ந் தேதி வாஷிங்டனில் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரு பொது மரைக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. கோணம் 60 பாகை. 107 ஆண்டு கழித்து விட்வொர்த்தின் 55 பாகை சொந்த ஊரிலேயே பதவி இழந்தது. ஆனால் அளவு இன்னமும் அங்குலம்தான்.

அதற்குள் உலகம் வேறொரு பக்கம் நகரத் தொடங்கிவிட்டது. 1946 அக்டோபரில் லண்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனத்தை, அதாவது இன்று ஐ.எஸ்.ஓ. என்று நாம் சொல்வதை, உருவாக்கத் தீர்மானித்தார்கள். அந்த ஸ்தாபனத்தின் குழுக்களுக்கு வரிசை எண் உண்டு. ஒன்றாம் எண் குழு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? மரைக்குத்தான்! உலகத்தை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தவர்கள் பிள்ளையார் சுழி போட்டதே திருகாணியின் மேல்தான்.

அந்த லண்டன் கூட்டத்தில் இந்தியாவும் இருந்தது. நம் நாட்டின் தர நிர்ணயக் கழகமான ஐ.எஸ்.ஐ. 1947 ஜனவரி 6-ல் பிறந்தது; சுதந்திரம் வருவதற்கு ஏழு மாதம் முன்னாலேயே! (1987 முதல் அது பி.ஐ.எஸ். என்று வழங்குகிறது.) அதன் முதல் டைரக்டர் லால் சி. வர்மன் மீட்டர் முறையின் தீவிரமான ஆதரவாளர். நாட்டின் ஒன்றாம் எண் தர நிர்ணயம் 1951-ல் வந்தது; அது தேசியக் கொடியின் அளவும் நிறமும் பற்றியது. கொடி முதலில், மற்றவை பிறகு. அழகான வரிசைதான்.

1956-ல் பார்லிமெண்டு எடை அளவைச் சட்டத்தை நிறைவேற்றியது. திருவள்ளூர் வழியாக முதல் ரயில் அங்குலத்தை ஏற்றிக்கொண்டு வந்தது 1856-ல்; அங்குலத்தை வழியனுப்பும் சட்டம் வந்தது 1956-ல். சரியாக நூறு ஆண்டு! 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ எடைக்கல் கட்டம் கட்டமாகக் கடைக்கு வந்தது. 1960-களின் முதல் சில ஆண்டுகளுக்குள் சேரும் வீசையும் மணங்கும் சட்டத்தின் கண்ணில் மறைந்துவிட்டன. இங்கிலாந்தே இந்த மாற்றத்துக்கு 1965-ல்தான் மனம் வைத்தது. அமெரிக்கா இன்று வரை முழு மனசு வைக்கவில்லை. அந்த வகையில் நம்முடைய அவசரம் புத்திசாலித்தனமான அவசரம். பெருந்தொழில்கள் வேரூன்றிய பிறகு மாற்றுவதைவிட, நாற்றாக இருக்கும்போதே பிடுங்கி நடுவது சுலபம் என்று அன்றைக்கு முடிவெடுத்தவர்கள் கண்டிருந்தார்கள்.

ஆனால் மரை அவ்வளவு சுலபமாக மசியவில்லை. காரணம் இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் பழைய எடைக்கல்லைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டுப் புதியதை வாங்கி வைத்தால், மறுநாள் காலையில் துவரம் பருப்பு ஆட்சேபம் சொல்லாது. போல்ட்டு அப்படி அல்ல. அதற்கு ஒரு நட்டு இருக்கிறது. நட்டுக்கு ஒரு யந்திரம் இருக்கிறது. யந்திரம் முப்பது வருஷம் உழைக்கும். முப்பது வருஷமும் பழைய மரையில்தான் உதிரிச் சாமான் தேவை. மரையை வெட்டும் கருவி, அளக்கும் கருவி, லேத்தின் பல்சக்கரம், முடுக்கும் ஸ்பானர் எல்லாம் அங்குலத்தில் இருக்கின்றன. ஒரு கண்ணியை மாற்றினால் சங்கிலி முழுவதையும் மாற்ற வேண்டும். சட்டம் போட்டு எடைக்கல்லை மாற்றலாம். மரையை மாற்ற ஒரு தலைமுறை ஓய்வு பெற வேண்டும்.

இதைக் கண்கூடாகப் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள பிரதேசத்தைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது. பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் இந்தப் பகுதி 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆயிற்று. 2018-ல் அம்பத்தூரும் திருவொற்றியூரும் அதிலிருந்து சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டன. எல்லைக்கல் எங்கே நட்டாலும் சரி, யந்திரத் தொழிலுக்கு இது ஒரே சீமை.

இந்தச் சீமையில் தொழிற்சாலைகள் முளைத்த காலத்தைப் பாருங்கள். அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி, பிர்மிங்ஹாம்காரர்களின் கூட்டுறவோடு. எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டு கம்பெனியோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955-ல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள். மூன்றும் இங்கிலீஷ் வம்சம். மூன்றின் உடம்பிலும் அங்குல ரத்தம். சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இங்கிலீஷ்காரர்கள் அங்குலத்துக்கு 26 மரை என்று தனியாக ஒரு மெல்லிய மரையே வைத்திருந்தார்கள். பழைய புல்லட் வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விட்வொர்த் வகை ஒரு பக்கம், சைக்கிள் வகை ஒரு பக்கம், பின்னால் வந்து சேர்ந்த மில்லி மீட்டர் வகை ஒரு பக்கம் என்று ஒரே வண்டியில் சர்வமத சமரசம் நிலவும். இதில் வேடிக்கை, அந்த வண்டியின் ஸ்பார்க் பிளக்கின் மரை மட்டும் முதல் நாளிலிருந்தே 14 மில்லி மீட்டர்.

அதே 1955 அக்டோபர் 2-ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். அதன் பெட்டிக்கு வடிவம் தந்தது ஸ்விட்ஸர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி. சூரிச்சுக்குப் பக்கத்து ஊர். 1898-ல் மில்லி மீட்டர் மரை வகுத்த அதே சூரிச். எண்ணூரில் அங்குல லாரி தயாராகும்போது, சில மைல் தூரத்தில் மீட்டர்க்கார நாட்டின் ரயில் பெட்டி தயாராயிற்று. அப்போது இந்தியப் பார்லிமெண்டு எடை அளவைச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கவே இல்லை.

ஆவடிக் கதை இன்னும் ரசமானது. அங்கே 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கி, அங்குலத்தில் வரைந்த இங்கிலீஷ் வடிவம். 1980-களின் கடைசியில் அதே தொழிற்சாலை ருஷ்யாவின் டி-72 டாங்கியைச் செய்யத் தொடங்கியது. அது முழுக்க மில்லி மீட்டர். திருவள்ளூரிலோ, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை அங்குல மரபில் வந்த மண்வாரி யந்திரங்களைச் செய்துகொண்டிருந்த இடத்திலேயே, 1998-ல் ஜப்பானிய லான்ஸர் கார் வெளிவரத் தொடங்கியது.

இந்த ஊர்களில் வேலை பார்த்த ஒரு பிட்டரின் தகரப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். அதில் மூன்று ஜாதி ஸ்பானர்கள். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருப்பது போல்ட்டின் பருமன். அரை அங்குலம் என்று எழுதியிருக்கும், ஆனால் அதன் வாய் ஏறக்குறைய ஒரு அங்குலத்தை எட்டும். அமெரிக்க ஸ்பானரில் அரை அங்குலம் என்றால் வாயே அரை அங்குலம். மில்லி மீட்டர் ஸ்பானரிலும் எழுதியிருப்பது வாயின் அகலம்தான். ஒருவன் வாசற்படியின் அகலத்தைச் சொல்கிறான், ஒருவன் உள்ளே வருகிற ஆளின் பருமனைச் சொல்கிறான் என்றால் வேலைக்குப் புதிதாக வந்த பையன் என்ன செய்வான்? அடி வாங்குவான். அந்தக் காலத்துப் பட்டறைகளில் கல்வி அப்படித்தான் நடந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் பாடியில் 1966-ல் சுந்தரம் பாஸ்டனர்ஸ் தொழிற்சாலை எழுந்தது. போல்ட்டு நட்டைப் பட்டறைச் சாமானாகக் கருதாமல், மோட்டார்த் தொழிலின் கணக்கான உறுப்பாகச் செய்ய வந்தது அது. எஃகுக் கம்பியைப் பச்சையாகவே அச்சில் அழுத்தித் தலை எடுப்பதும், மரையை வெட்டாமல் உருட்டி ஏற்றுவதும் இத்தகைய ஆலைகளின் முறை. வெட்டினால் எஃகின் நார் அறுபடும்; உருட்டினால் நார் மரையோடு வளைந்து கொடுக்கும்; போல்ட்டுக்குப் பலம் கூடும். தர நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. சான்றிதழை 1990-லேயே பெற்று, அந்தக் கம்பெனி நாட்டுக்கே முன்னோடி ஆயிற்று.

இப்போது ஒரு மில்லி மீட்டர் போல்ட்டை எப்படிப் படிப்பது என்று பார்க்கலாம். நான் கதை எழுதுகிறவன். எனக்கே புரிந்ததென்றால் வாசகர்களுக்குக் கஷ்டம் இருக்காது.

எம் 8 என்றால் மரையின் வெளிப்பருமன் 8 மில்லி மீட்டர். 'எம்' என்ற எழுத்து மீட்டர் முறை என்பதற்கு அடையாளம். அதன் பக்கத்தில் 1.25 என்று இருந்தால், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மில்லி மீட்டர். ஒரு சுற்றுச் சுற்றினால் போல்ட்டு அவ்வளவு தூரம் முன்னேறும். இடைவெளி எழுதவில்லையென்றால் சாதாரண மரை என்று கொள்ள வேண்டும்: எம் 6-க்கு 1, எம் 8-க்கு 1.25, எம் 10-க்கு 1.5, எம் 12-க்கு 1.75. இதைவிட நெருக்கமான மரையும் உண்டு. அதற்கு இடைவெளியைக் கட்டாயம் எழுத வேண்டும். விட்வொர்த் கணக்கில் 'அங்குலத்துக்கு எத்தனை மரை' என்று எண்ணினார்கள். இங்கே 'மரைக்கு மரை எவ்வளவு தூரம்' என்று அளக்கிறோம்.

அடுத்தது தலையெழுத்து. மனிதனுடைய தலையெழுத்தைப் படிக்க முடியாது, போல்ட்டினுடையதைப் படிக்கலாம். அறுகோணத் தலையின் மேல் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ள 8-ஐ நூறால் பெருக்கினால் 800. அதாவது ஒவ்வொரு சதுர மில்லி மீட்டரும் 800 நியூட்டன், பட்டறைப் பாஷையில் சுமார் 80 கிலோ, இழுப்பைத் தாங்கிய பிறகுதான் அறும். புள்ளிக்குப் பின்னால் உள்ள 8, அந்தப் பலத்தில் பத்தில் எட்டுப் பங்கு வரை போல்ட்டு நீண்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு மேல் போனால் நீண்டது நீண்டதுதான் என்று எச்சரிக்கிறது. 8.8 என்று பொறித்த எம் 10 போல்ட்டை அறுக்க நாலரை டன்னுக்கு மேல் வேண்டும். அதே பருமனில் 4.6 என்று பொறித்த போல்ட்டுக்கு அதில் பாதி போதும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. தலையெழுத்து ஒன்றுதான் சாட்சி.

ஸ்பானர் சங்கதி கொஞ்சம் ஏமாற்றும். எம் 8 போல்ட்டுக்கு 13-ஆம் நம்பர் ஸ்பானர். எம் 10-க்கும் எம் 12-க்கும் பழைய ஜெர்மன் முறையில் 17, 19, ஐ.எஸ்.ஓ. அதை 16, 18 என்று குறைத்தது. ஜப்பான்காரன் தன் வாகனங்களில் எம் 8-க்கு 12, எம் 10-க்கு 14 என்று இன்னும் சின்னத் தலை வைத்தான். 1983-ல் மாருதி வந்த பிறகு நம் மெக்கானிக்குகள் 12-ஐயும் 14-ஐயும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒரு குடும்பத்துக்குள்ளேயே இத்தனை பங்காளிச் சண்டை! ஆனால் மரை ஒன்றுதான். தலை எப்படி இருந்தாலும் எம் 10 நட்டில் எம் 10 போல்ட்டு ஏறும். ஒப்பந்தத்தின் உயிர் தலையில் இல்லை, மரையில் இருக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? அளவுகள் வெகுவாக வேறுபடும் இடத்தில் அல்ல; கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இடத்தில். இரண்டரை நூல் போல்ட்டு, அதாவது ஐந்து பதினாறு அங்குலம், 7.94 மில்லி மீட்டர். எம் 8 போல்ட்டு 8 மில்லி மீட்டர். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்றில் மரை இடைவெளி 1.41, மற்றதில் 1.25. மாற்றிப் போட்டால் இரண்டு மூன்று சுற்று ஏறும். அதன் பிறகு இறுகும்போது, "நல்ல டைட்" என்று கைக்குப் பொய் சொல்லும். முரட்டுக்கை ஸ்பானரைப் போட்டு அழுத்தினால் மரை மடிந்துகொண்டே உள்ளே போகும். பார்வைக்கு முடுக்கியாயிற்று; பிடிப்போ இரண்டொரு மரையின் கிழிசலில் தொங்கும்.

1990 ஜூன் 10-ல் பிர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், பதினேழாயிரம் அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியும் பாதி உடம்பு வெளியே போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டார்கள், உதவி விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கினார், எல்லோரும் பிழைத்தார்கள். விசாரித்ததில், புறப்படுவதற்கு முன்னால் மாட்டிய 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் பருமனில் ஒரு மில்லி மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு குறைவு என்று தெரிந்தது. பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எண்ணைப் பார்க்கவில்லை.

அப்படியானால் அங்குலம் ஒழிந்தால்தான் க்ஷேமமா? அப்படியும் இல்லை. உலகம் முழுவதிலும், மீட்டர் முறை பிறந்த பிரான்ஸ் உள்பட, பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளின் பெடல் இன்னும் ஒன்பது பதினாறு அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. (இடது பெடலுக்கு இடம்புரி மரை, மிதிக்க மிதிக்கக் கழன்று விடாமல் இருக்க.) உங்கள் வீட்டுக் குழாயை அவிழ்த்துப் பாருங்கள். 'அரை அங்குலக் குழாய்' என்கிறோம். மரையின் வெளிப்பருமன் 21 மில்லி மீட்டர் இருக்கிறது, அரை அங்குலம் அதில் எங்கும் இல்லை! அங்குலத்துக்கு 14 மரை; கோணம் 55 பாகை. அதே விட்வொர்த்! லண்டனில் பதவி இழந்தவர் நம் சமையலறைக் குழாயில் குடியிருக்கிறார். ஐ.எஸ்.ஓ.வும் அவரை அங்கே பட்டா போட்டு உட்கார வைத்திருக்கிறது. இதிலிருந்து தெரிவது என்ன? மில்லி மீட்டர் உசத்தி, அங்குலம் மட்டம் என்பதல்ல. எல்லோரும் ஒப்புக்கொண்டு மீறாமல் நடக்கும் அளவு எதுவோ, அதுதான் நல்ல அளவு.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் இது இன்னும் நன்றாக விளங்கும். அங்கே உருக்கு ஆலைகளில் கட்டடக் கம்பி 8, 10, 12 மில்லி மீட்டர் என்று உருண்டு வருகிறது. பில்லில் மில்லி மீட்டர். சீட்டில் மில்லி மீட்டர். கம்பி கொத்தனார் கைக்கு வந்ததும் அது 'மூணு நூல்', 'நாலு நூல்' ஆகிவிடுகிறது. 12 மில்லி மீட்டர் நாலு நூலைவிடச் சற்றுக் குறைவுதான். கூரைக் கம்பி விஷயத்தில் கணக்கை எஞ்சினீயர் மில்லி மீட்டரில் போட்டிருப்பதால், கொத்தனார் பேச்சால் கெடுதல் இல்லை. அளவு மாறிய பிறகும் பேச்சு இரண்டு தலைமுறை நிற்கும். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் மரை விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. நாலு நூல் என்று கேட்டு எம் 12-ஐ வாங்கினால் நட்டு ஏறாது. ஏறினால் அதைவிட மோசம்.

இந்தச் சீமையின் தொழிற்பேட்டைகளில் ஆயிரக்கணக்கான பேர் மரை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் செய்த போல்ட்டு எந்த ஊர் வண்டியில், எந்த நட்டில் போய் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கும் இவர்களைத் தெரியாது. ஆசாரிக்கும் தோட்டுக்காரிக்கும் இருந்த முகப்பழக்கம் இங்கே இல்லை. முகம் இல்லாத இடத்தில் வாக்கு வேண்டியிருக்கிறது. 1841-லிருந்து இத்தனை மகாநாடும் ஒப்பந்தமும் சட்டமும் அந்த வாக்கை எழுதி வைக்கத்தான்.

ஆகவே, கடையில் போல்ட்டு வாங்குகிற வாசகர்கள் விலையைக் கேட்பதற்கு முன் அதன் தலையைப் பாருங்கள். பல எண்ணும், செய்தவனின் முத்திரையும் அங்கே இருக்க வேண்டும். ஜன்னல் கொக்கிக்கு எந்தப் போல்ட்டும் போதும். வண்டிச் சக்கரத்துக்கும், ஊஞ்சலுக்கும், மேலே சுழலும் விசிறிக்கும் தலையெழுத்து இல்லாத போல்ட்டை வாங்காதீர்கள். அது அறுந்துவிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.